இரண்டு காலும் சேர்ந்து மிதித்தால்

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். பழக வந்தவர் எங்கேயாவது கொண்டுபோய் முட்டுவதற்குள், சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்காக வைத்தது. அந்த இருக்கையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்த ஒருத்தியை ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும்? பிரேக்கக்கா என்றுதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா போட்டுத்தான் பேசினார்கள். லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தவள் என்கிற மரியாதை.

அவள் வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். கண் மூன்று கண்ணாடிகளையும் மேயும். வாய், "ரோட்டப் பாருங்க, என் மூஞ்சியில ஒண்ணும் எழுதியில்ல" என்று திட்டும். கை மடியில் கிடக்கும் படிவத்தை நிரப்பும். கால் இரண்டும் யாரையும் கேட்காமல் தங்கள் பாட்டுக்குக் கீழே காவல் காக்கும். போன மாதம் ஒரு பல் டாக்டரம்மா, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பூக்கடைச் சுவரை நோக்கிக் கிளம்பிவிட்டார். பிரேக்கக்காவின் கால்கள் கிளட்ச்சையும் பிரேக்கையும் ஒருசேர ஓங்கி மிதித்தன. சுவருக்கும் காருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. டாக்டரம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பிரேக்கக்கா படிவத்தில் கடைசி வரியை எழுதி முடித்துவிட்டு, "ம், ரிவர்ஸ் போடுங்க" என்றாள்.

இது திங்கள் முதல் சனி வரை. ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு ஆள். ஓர் இசைக்குழுவில் ரிதம் பேட் வாசிப்பவள்.

முதலில் அந்தக் குழுவுக்கு வேன் ஓட்டத்தான் போனாள். ஒருநாள் அவர்களுடைய பேட் வாசிப்பவர், வெளிநாட்டில் வேலை கிடைத்தது என்று சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டார். பழைய பேடை மட்டும் விட்டுப் போயிருந்தார். குழுவின் தலைவர்தான் முதன்மைப் பாடகரும். அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "ஏம்மா, நீ ஸ்டியரிங்ல அடிச்சிக்கிட்டே வர்றியே, அதை இதுல வந்து அடியேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ, வேறு வழியில்லாமல் சொன்னாரோ தெரியாது. அவள் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள் பதினோரு வருடமாக எழுந்திருக்கவில்லை.

அந்தப் பேடைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு சின்ன சூட்கேஸ் அளவுப் பெட்டி. மேலே பத்து ரப்பர் கட்டங்கள். எந்தக் கட்டத்தைக் குச்சியால் அடித்தால் என்ன சத்தம் வர வேண்டும் என்று நாம் சொல்லிவைக்கலாம். டிரம், மணி, பேஸ் கிட்டார், எது வேண்டுமானாலும். சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். அப்படிச் சொல்லிவைத்த பத்து சத்தமும் சேர்ந்தால் ஒரு செட். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஐம்பது செட் வரை உள்ளே பத்திரப்படுத்தலாம். மற்றவர்கள் இதையெல்லாம் முன்பக்கத்துப் பொத்தான்களை அமுக்கிச் செய்வார்கள். இவளிடம் வந்து சேர்ந்தபோதே அந்தப் பொத்தான்கள் செத்துப்போயிருந்தன. மிச்சம் இருந்தவை தரையில் வைக்கிற இரண்டு கால் சுவிட்ச்சுகள்தான்.

"அது போதும்" என்றாள் பிரேக்கக்கா. அவளுக்கு அது போதும்தான். இடது சுவிட்ச்சை மிதித்துக்கொண்டால், மற்ற கட்டங்கள் எப்போதும்போல ஒலிக்க, முதலில் அடிக்கிற கட்டத்தில் மட்டும் சத்தம் வராது. இதைத்தான் மாற்றப் போகிறாய் என்று பெட்டி புரிந்துகொள்ளும். வலது சுவிட்ச்சை ஒரு தட்டு தட்டினால் அந்தக் கட்டத்தின் சுருதி ஒரு படி, அதாவது அரைக் கட்டை, இறங்கும். சட்டென்று இரண்டு தட்டு தட்டினால் அரைக் கட்டை ஏறும். இடதை விட்டால் வேலை முடிந்தது. செட் மாற்றுவது, நகலெடுப்பது எல்லாமே இப்படிக் கால் கணக்குத்தான். இதற்குள் கை நிற்க வேண்டிய அவசியமே இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் கீழே காலால் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பாள். மேலே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாம் சரி. ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இல்லாமல், இரண்டு சுவிட்ச்சையும் ஒரே நொடியில் மிதித்தால்? அப்போது பெட்டி செய்துகொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு முதல் எண் செட்டுக்கு ஓடிவிடும். அந்த முதல் செட்டில்தான் வினையே இருந்தது. கடைக்கு வருகிறவர்களை வாய்பிளக்க வைப்பதற்காக, செய்தவன் அதில் துப்பாக்கிச் சத்தம், நாய் குரைப்பது, ஆம்புலன்ஸ், கண்ணாடி நொறுங்குவது என்று நிரப்பி அனுப்பியிருந்தான்.

முதல் எட்டு வருடம் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு தலைவருக்கு ஐம்பத்தாறு வயது ஆயிற்று.

குரல் இன்னும் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் மேல் சுருதி வரி ஒன்று வரப்போகிறது என்றால், அதற்கு அரைத் தாளம் முன்பாகவே பாய்ந்து பாட ஆரம்பித்துவிடுவார். கிளட்ச்சைப் பொசுக்கென்று விட்டு வண்டியைக் குதிக்க வைக்கிற பழகுநர் மாதிரியேதான். அந்தக் குதிப்பு காதில் விழுந்ததும் பிரேக்கக்காவின் கால்களுக்கு மேடை, பாட்டு, எதுவும் தெரியாது. இரண்டும் சேர்ந்து ஓங்கி ஒரு மிதி.

முதல் தடவை, ஒரு தலைமையாசிரியையின் ஓய்வு விழா. தாலாட்டு மாதிரி இழையும் பாட்டு. நடுவில் 'டுமீல்' என்றது. தலைமையாசிரியை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் நாற்காலிக்கு அடியில் போய்விட்டார். இரண்டாம் தடவை ஒரு கல்யாண வரவேற்பில் நாய் குரைத்தது. மூன்றாவதுதான் உச்சம். ஒரு மருத்துவமனையின் ஆண்டு விழா. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் இரண்டு நர்ஸ்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. மேடையில் குச்சியோடு உட்கார்ந்திருந்தவளுக்குப் பூமி பிளந்து விழுங்காதா என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை, சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் ஒத்திகை அறையில் பஞ்சாயத்து கூடியது. கீபோர்டு வாசிப்பவர் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரிதம் எல்லாமே இதுல பதிஞ்சு வச்சுக்கலாம். ஒரு பொத்தான் அமுக்குனா போதும்."

"அண்ணே, நீங்க முந்திடுறீங்க. அதனாலதான் என் காலு…" என்று ஆரம்பித்தாள்.

"நான் முந்துறேனா?" தலைவருக்கு மூக்கின் மேல் கோபம். "நாப்பது வருஷமா மேடையில நிக்கிறேன். எனக்குத் தாளம் தெரியாதா? இங்க பாரும்மா, ஞாயித்துக்கிழமை நூலக ஆண்டு விழா இருக்கு. இந்த ஒண்ணு. இதுல இன்னொரு தடவ துப்பாக்கி வெடிச்சுதுன்னா, அடுத்த வாரத்துல இருந்து லேப்டாப்தான். நீ வேன் மட்டும் ஓட்டு."

பிரேக்கக்கா பேடைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போகிற வழியில், சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு அழுதாள். விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்ததுகூடக் கேட்கவில்லை. அடுத்தவர்களுக்கு ஹாரன் அடித்துப் பழகியவளுக்கு இந்த நிலைமை! ஆறு நாள் மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவள் அவள். ஏழாவது நாள் ஒன்றுதான் அவளே ஓட்டுகிற நாள். அதையும் பிடுங்கிக்கொண்டால் என்ன மிஞ்சும்?

அவள் கணவருக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. புதன்கிழமை கடைக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் பேடை வைத்து, கீழே சுவிட்ச்சுகளை வைத்து, அவரை எதிரே நிறுத்திப் பாடச் சொன்னாள். "வேணும்னே முந்திப் பாடுங்க. நான் காலை அடக்கிப் பழகணும்."

அவர் பாடுவதைக் கேட்பதற்குத் துப்பாக்கிச் சத்தத்தையே கேட்கலாம். ஆனாலும் மனைவிக்காகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாடினார். முந்தினார். டுமீல். மறுபடி பாடினார். லொள். சுவிட்ச்சுகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். கால் தேடிப்போய் மிதித்தது. முழங்காலை நாற்காலிக் காலோடு துண்டால் கட்டிப் பார்த்தார்கள். நாற்காலியோடு சேர்த்து மிதித்தாள். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, "என்ன வெடிச்சுது? சிலிண்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிரேக்கக்கா குச்சிகளை மேஜையில் வைத்தாள். "இது ஆகாதுங்க. இந்தக் காலை என்னால அடக்க முடியாது. அடக்கவும் கூடாது. இங்க அடக்கிப் பழகிட்டேன்னா, நாளைக்கு அந்த டாக்டரம்மா மாதிரி யாராவது சுவத்தப் பார்த்துப் போறப்போ என் காலு யோசிக்கும். யோசிச்சா செத்தோம்."

அவர் துண்டை அவிழ்த்துக்கொண்டே, "சரி, மிதிச்சா அது எங்க போகுது?" என்றார்.

"முதல் செட்டுக்கு."

"அப்ப அந்த முதல் செட்ல இருக்குற துப்பாக்கியத் தூக்கி எறிஞ்சுட்டு நல்ல சத்தமா வச்சிட வேண்டியதுதானே?"

மிதிக்காமல் இருப்பது எப்படி என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவளுக்கு, மிதித்தால் போய் விழுகிற இடத்தை மாற்றலாம் என்று தோன்றவே இல்லை. ஆனால் ஒரு சிக்கல். முதல் செட்டுக்கு மட்டும் பூட்டு இருந்தது. அதில் எதை மாற்றிச் சேமிக்கப் போனாலும் பெட்டியின் சின்னத் திரையில் ஒரு பூட்டுப் படம் வந்து பல்லைக் காட்டும்.

வியாழன் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். வெள்ளிக்கிழமை காலை, முதன்முறையாகக் காரில் ஏறிய ஒரு தையல்காரரிடம், "கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே சாவியத் திருப்புங்க" என்று சொன்னாள். ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிற வாக்கியம். சொன்னவள் அப்படியே வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் வீட்டுக்கு ஓடி, இடது சுவிட்ச்சை மிதித்துக்கொண்டே பேடின் மின்சார சுவிட்ச்சைப் போட்டாள். பூட்டுப் படம் இரண்டு தடவை மினுக்கிவிட்டுக் காணாமல் போனது. வீட்டில் யாருமில்லை, இருந்தாலும் கை தட்டிக்கொண்டாள்.

துப்பாக்கி, நாய், ஆம்புலன்ஸ் எல்லாம் அன்றோடு ஒழிந்தன. அவற்றுக்குப் பதிலாக எதை வைப்பது? சாயங்காலம் கடையிலிருந்து வந்த கணவர், கண் சோதிக்கிற அதே தொனியில் கேட்டார். "நீ மிதிக்கிறதுக்கு முன்னால பாட்டு நல்லாருக்கா, மிதிச்சதுக்கு அப்புறம் நல்லாருக்கா?"

"முன்னாலதான். அப்புறம் எங்க, அண்ணனே சுருதி இறங்கிடுவாரே. அந்த மேல் வரிய நெனச்சுப் பயந்துதான முந்துறாரு? பயந்து புடிச்சா சுருதி நிக்குமா? சரியா அரைக் கட்டை கீழ…"

எப்போது முந்துகிறாரோ அப்போதெல்லாம் அரைக் கட்டை இறங்குகிறார். எப்போது முந்துகிறாரோ அப்போதெல்லாம் இவள் கால் மிதிக்கிறது. அப்படியானால், கால் மிதிக்கிற நொடிதான் பேட் இறங்க வேண்டிய நொடி. மூன்று வருடமாக அவள் கால் சரியான நேரத்தில்தான் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது. போய் விழுந்த இடம்தான் தப்பு.

"ஏங்க! நீங்க கண் டாக்டரே இல்லீங்க, நீங்க தெய்வம்!" என்றாள்.

"நான் டாக்டரும் இல்ல" என்றார் அவர். ஒன்றும் புரியாவிட்டாலும் சந்தோஷமாக இருந்தார்.

ஞாயிறு மாலை நகர அரங்கம் நிறைந்திருந்தது. மற்றவர்கள் மைக்கில் 'ஹலோ ஹலோ' சொல்லிக்கொண்டிருந்தபோது பிரேக்கக்கா பேடுக்குப் பின்னால் உட்கார்ந்து காலால் வேலையை முடித்தாள். முதல் பகுதியில் வில்லங்கமான பாட்டு ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தாலாட்டு. அதற்கான சத்தங்களை ஏழாம் செட்டில் வைத்திருந்தாள். அதையே நகலெடுத்து முதல் செட்டில் போட்டு, அதில் நாலு பேஸ் கட்டங்களை மட்டும் அரைக் கட்டை இறக்கினாள். இடது, அடி, வலது, விடு. நாலு தடவை. மணி ஒலிக்கிற மூன்று கட்டங்களைத் தொடவில்லை. மணி பாட்டின் தொடக்கத்தில் மட்டும்தான் வரும். முடிவில் பல்லவியைத் திரும்பப் பாடப்போவதில்லை என்று தலைவர் சொல்லியிருந்தார்.

கீபோர்டுக்காரர் லேப்டாப்பைக் கூடவே கொண்டுவந்து பக்கத்தில் திறந்தே வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவதாக வந்தது தாலாட்டு. மணியோடு தொடங்கி, மெதுவாக ஏறி, சரணத்தின் மூன்றாவது வரிக்கு வந்தது. அடுத்தது மேல் வரி. தலைவரின் தோள் உயர்வதைப் பின்னாலிருந்து பார்த்தாள். ஒரு தாளம் இருக்கிறது. முக்கால். அரை…

முந்திவிட்டார். கால்கள் இரண்டும் ஓங்கி மிதித்தன.

அந்த மிதியைக் கீபோர்டுக்காரர் பார்த்துவிட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வயலின்காரர் தோளைக் குறுக்கினார். தலைவரே அடுத்த சொல்லை விழுங்கியபடி கழுத்தைச் சுருக்கினார். குழு முழுக்க டுமீலுக்குக் காத்திருந்தது.

பிரேக்கக்கா அடித்தாள். கனமாக, மெத்தென்று, அரைக் கட்டை கீழே, தலைவரின் குரல் எங்கே இறங்கியிருந்ததோ சரியாக அங்கே போய் நின்றது பேஸ்.

கீபோர்டுக்காரர் கைகளைத் தூக்கிவிட்டார். தன் கீபோர்டு இன்னும் பழைய சுருதியில் இருப்பது அவருக்குத் தெரிந்தது. வயலினும் நின்றது. இரண்டு வரி முழுக்க ஒரு குரல், அதற்குக் கீழே ஒரு பேட், வேறு எதுவும் இல்லை. தலைவர் முதலில் தயங்கினார். பிறகு, காலுக்குக் கீழே தரை இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர் மாதிரி முழுக் குரலையும் இறக்கி வைத்தார். மூன்று வருடமாக யாரும் கேட்காத குரல் அது. அரங்கத்தில் ஒரு தும்மல்கூட இல்லை. வரி முடிந்தபோது முன்வரிசையில் யாரோ "ஆஹா!" என்று கத்திவிட்டார்கள். அப்புறம் கைத்தட்டல்.

அந்த உற்சாகத்தில் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பாடப்போவதில்லை என்று சொன்ன பல்லவிக்கே திரும்பினார்! பல்லவி என்றால் மணி. மூன்று மணியும் பழைய சுருதியில் கிடக்கின்றன. நாலே தாளம். பிரேக்கக்காவின் வலது கை தாளத்தை விடவில்லை. இடது கால் சுவிட்ச்சில் இறங்கியது. இடது கை முதல் மணியைத் தொட்டது, சத்தமில்லை, வலது கால் ஒரு தட்டு. விட்டு மிதித்து இரண்டாவது மணி, தட்டு. விட்டு மிதித்து மூன்றாவது மணி, தட்டு. இடதை விட்டாள். பல்லவியின் முதல் சொல்லோடு மணி ஒலித்தது, புதுச் சுருதியில், பிசிறில்லாமல். அதற்குள் கீபோர்டும் வயலினும் சுருதி பிடித்து உள்ளே வந்துவிட்டன. பார்வையாளர்கள், இது இப்படித்தான் அமைக்கப்பட்ட பாட்டு என்று நம்பி எழுந்து நின்று கை தட்டினார்கள். பிரேக்கக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குச்சியை உயர்த்திப் பிடித்து, கூட்டத்தில் எங்கேயோ இருந்த கணவரைப் பார்த்து ஆட்டினாள்.

இடைவேளையில் தலைவர் மேடைக்குப் பின்னால் அவள் இருந்த இடத்துக்கு வந்தார். கையில் தண்ணீர் பாட்டில். திறக்கவில்லை.

"நான் எத்தன நாளா இறங்குறேன்?"

"மூணு வருஷமா."

"ஏன் சொல்லல?"

"முந்துறீங்கன்னு சொன்னதுக்கே நாப்பது வருஷத்த எடுத்து வச்சீங்க. இதையும் சொல்லியிருந்தா? அதுவும் இல்லாம, ஓட்டிக்கிட்டு இருக்கறவங்ககிட்ட சுவரு வருது, சுவரு வருதுன்னு கத்துனா, நேரா அதுலயே கொண்டுபோய் விடுவாங்கண்ணே. சத்தம் போடாம மிதிச்சிடணும்."

அவர் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தார். "அந்த வரி வர்றப்போ எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். யாரிடமும் சொல்லாததைச் சொன்ன குரல்.

"தெரியும்ணே. பயப்பட்டா பயப்பட்டுட்டுப் போங்க. கீழ நான் இருக்கேன்."

தலைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு கீபோர்டுக்காரர் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த லேப்டாப்ப மூடிப் பையில வை" என்றார்.

"அப்பவே வச்சுட்டேண்ணே" என்றார் அவர். "அக்கா, அந்தக் கால் வேலைய எனக்கும் சொல்லிக்குடுங்க."

இரண்டாம் பகுதியை எதில் தொடங்குவது என்று பேச்சு வந்தது. தலைவர் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னார். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எடுத்த எடுப்பிலேயே உச்சிக்கு ஏறுகிற பாட்டு. மூன்று வருடமாக அவர் அந்தப் பக்கமே போனதில்லை.

"ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றாள் பிரேக்கக்கா. இடது, அடி, வலது, விடு. இந்தத் தடவை மணியையும் விட்டுவைக்கவில்லை. நிமிர்ந்து தலையை ஆட்டினாள்.

திரை விலகியது. தலைவர் மைக்குக்கு முன்னால் நின்று ஒரு முறை திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, முழுசாக அரைத் தாளம் முந்தி அந்த உச்சி வரிக்குள் குதித்தார். பிரேக்கக்கா இரண்டு காலாலும் ஓங்கி மிதித்தாள்.